மொபைல் கேமில் ஒலி விளைவுகள்: எதை முன்பே ஏற்றுவது, எதைக் காத்திருக்க வைப்பது

பொத்தானைத் தொட்டதும் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்கத்தான் செய்கிறது, ஆனால் முதல் தடவை மட்டும் திரை ஒரு கணம் திணறுகிறது. அல்லது முதல் தொடுகைக்குச் சத்தமே இல்லை, இரண்டாவதிலிருந்து எல்லாம் சரி. ப்ரீலோட் (ஒலியை முன்பே ரேமுக்குள் ஏற்றிவைப்பது) பற்றிய பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. உடனடி வைத்தியமாக எல்லா ஒலிகளையும் கேம் திறக்கும்போதே ஏற்றிவிடுகிறார்கள். பிறகு வசனமும் இசையும் சேர்ந்ததும், ரேம் குறைந்த போன்களில் கேம் தானாக மூடிக்கொள்ளத் தொடங்குகிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் கழற்றி, "தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம்" என்று மறுகோடிக்கு ஓடினால், பழைய திணறல் திரும்பி வந்து நிற்கிறது.

இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம், ப்ரீலோட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பது. ஒலி எப்போது ரேமுக்குள் வருகிறது என்பது ஒன்று. வந்தபின் எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்பது மற்றொன்று: அப்படியே ஒலிக்கத் தயாராக விரித்த பிசிஎம் (சுருக்காத ஒலித் தரவு) ஆகவா, ஒலிக்கும்போது அவிழ்க்க வேண்டிய வோர்பிஸ் (ஒலியைச் சுருக்கும் ஒரு முறை) மூட்டையாகவா. இவற்றைத் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். அதுவும் கேம் முழுவதற்கும் ஒரே விடையாக இல்லாமல், ஒலியின் வகைக்கு ஒன்றாக.

## முதலில் கணக்கு

விரித்த ஒலி எவ்வளவு ரேம் பிடிக்கும் என்பதில் ஊகத்துக்கு வேலை இல்லை. சாம்பிள் வீதத்தை (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது) சேனல் எண்ணிக்கையால் பெருக்கி, ஒரு சாம்பிளுக்கான பைட்டால் பெருக்கினால் போதும். 44,100 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் என்றால் நொடிக்கு 88,200 பைட். ஸ்டீரியோ என்றால் 176,400. கோப்பின் அளவைப் பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சேமிப்பில் 20 கேபி இருக்கும் ஆக் (வோர்பிஸ் ஒலியை வைக்கும் வகை) கோப்பு, ரேமில் விரியும்போது 200 கேபி ஆகிவிடலாம். ரேமைத் தீர்மானிப்பது நீளம்தான். கோப்பின் எடை இல்லை.

நடுத்தர அளவில் ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்வோம். மெனு சத்தங்கள் 12, ஒவ்வொன்றும் 0.15 நொடி. காசு, குதிப்பு, அடி போன்றவை 40, சராசரி 0.6 நொடி. வெடிப்புகள் 10, தலா 2 நொடி. இந்த 62 ஒலிகளும் மோனோவில் சேர்ந்து சுமார் 46 நொடி; விரித்தால் ஏறத்தாழ 4 எம்பி. அவ்வளவுதான்.

அடுத்து, கதாபாத்திர வசனங்கள் 60, தலா இரண்டரை நொடி, மோனோ: 13 எம்பி. வெற்றி, தோல்விக்கான இசைத்துணுக்குகள் 6, தலா 4 நொடி, ஸ்டீரியோ: 4 எம்பி. காற்று, மழை, கூட்டத்தின் இரைச்சல் போன்ற சூழல் ஒலிகள் 5, தலா 45 நொடி, ஸ்டீரியோ: சுமார் 40 எம்பி. இசை 4, தலா 2 நிமிடம்: 85 எம்பி. மொத்தம் 146 எம்பி. அதில் 124 எம்பி வெறும் 9 கோப்புகளிலிருந்து வருகிறது.

பக்கத்தில் ஒரு படத்தையும் வைத்துப் பாருங்கள். 2048க்கு 2048 அளவுள்ள, சுருக்காத 32 பிட் டெக்ஸ்சர் ஒன்று 16.8 எம்பி. அதே இடத்தில் 190 நொடி மோனோ ஒலி விளைவுகள் அடங்கும். மேலே சொன்ன 62 ஒலிகளைப் போல நான்கு மடங்கு. ஆகவே குட்டி ஒலிகளை ரேமில் வைக்கத் தயங்குவதில் அர்த்தமில்லை. நீளமானவற்றை அவற்றோடு ஒரே பட்டியலில் சேர்ப்பதில்தான் ஆபத்து. "எல்லாவற்றையும் ப்ரீலோட் செய்தோம், கிராஷ் ஆனது" என்பவர்களின் திட்டக் கோப்பைத் திறந்தால், குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள் நுழைந்துவிட்ட ஒரு மழை ஒலியாகவோ மெனு இசையாகவோ இருக்கும்.

## எப்போது ஏற்றுவது

திறக்கும்போதே எல்லாம். எழுத எளிது, பிழை குறைவு, கேம் ஓடும்போது கோப்பைத் தொடும் வேலையே இல்லை. விலை, லோடிங் திரையில் கூடும் நேரம். சுருக்கிய கோப்பைப் படிப்பதைவிட அதை விரிப்பதில்தான் நேரம் போகும். அதனால் வேகமான சேமிப்பு உள்ள போனிலும் மலிவான புராசசர் இருந்தால் இது இழுக்கும். முதல் திரைக்கு வேண்டிய ஏழெட்டு ஒலிகளை மட்டும் முதலில் ஏற்றி, மெனுவைக் காட்டிவிட்டு, மீதியைப் பின்னணி இழையில் (திரெட்; கேமோடு இணையாக ஓடும் வேலை வரிசை) ஏற்றினால் இந்தக் குறையும் பெருமளவு போய்விடும். ஆட்டக்காரர் மெனுவில் செலவிடும் நேரம் நமக்கு இலவசம்.

லெவலுக்கு லெவல். ஒவ்வொரு உலகத்துக்கும் தனி எதிரிகள், தனி ஆயுதங்கள், தனி வசனங்கள் இருந்தால்தான் இது பலன் தரும். எல்லா லெவலிலும் அதே நாற்பது ஒலிகள்தான் என்றால், இறக்கி ஏற்றுவது வெட்டி வேலை. இதில் வரிசை முக்கியம். புதியதை ஏற்றிவிட்டுப் பழையதை இறக்கினால், மாறும் கணத்தில் இரண்டு லெவலின் ஒலிகளும் ஒன்றாக ரேமில் நிற்கும். கிராஷ் நடப்பது அந்தக் கணத்தில்தான். பழையதை முழுவதும் இறக்கிவிட்டு ஏற்றினால், இரண்டுக்கும் பொதுவானவை வீணாக மறுபடி விரிக்கப்படும். சரியான வழி, இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு, பழையதில் மட்டும் உள்ளவற்றை முதலில் இறக்குவது, பிறகு புதியதில் மட்டும் உள்ளவற்றை ஏற்றுவது. பொதுவானவை இடத்தை விட்டு அசையாது. இதைச் செய்ய ஒவ்வொரு ஒலிக்கும் "யார் யார் பயன்படுத்துகிறார்கள்" என்ற எண்ணிக்கை வேண்டும். அது பூஜ்யமானால் மட்டுமே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி ஒலித்துக்கொண்டிருக்கும் சத்தம் அறுந்துபோகும்.

முதல் தேவையின்போது. பெயர் கேட்கச் சிக்கனமாக இருக்கும், நடப்பில் மோசமான தேர்வு. காரணம் எளிது: ஒரு ஒலி முதன்முறை தேவைப்படும் கணம்தான் திரையில் அதிக வேலை நடக்கும் கணம். முதல் வெடிப்பு நடக்கும்போது துகள்களும் புதிய படங்களும் ஷேடர்களும் சேர்ந்தே வருகின்றன. 60 ஃபிரேம் ஓட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் கோப்பைத் திறந்து விரிக்கும் வேலையையும் முதன்மை இழையில் திணித்தால் திணறல் நிச்சயம்.

ஆனால் இதன் ஒரு திருந்திய வடிவம் நன்றாகவே வேலை செய்யும்: தேவைக்குச் சற்று முன். பெரிய எதிரியின் அறைக் கதவு திரையில் தெரிந்ததும் அவனுடைய வசனங்களைப் பின்னணியில் ஏற்றத் தொடங்கலாம். கடைப் பொத்தானில் விரல் பட்டதும் கடையின் ஒலிகளை. நீளமான, அரிதான, ஆனால் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும் ஒலிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

இதோடு ஒரு கேள்விக்கும் விடை எழுதி வைக்க வேண்டும்: கேட்ட நேரத்தில் ஒலி தயாராக இல்லாவிட்டால் என்ன செய்வது? காசு எடுத்த சத்தம் 200 மில்லிநொடி தாமதமாக வருவதைவிட, வராமலே இருப்பது நல்லது. வசனம் அரை நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கெடு வைப்பது நல்லது: தொடுகை ஒலிகளுக்கு 50 மில்லிநொடி, வசனத்துக்கு 500. கெடு தாண்டினால் கைவிடு. பல எஞ்சின்களில் இயல்பாக நடப்பது இதற்கு நேர்மாறு. கோரிக்கைகள் வரிசையில் நின்று, ஏற்றி முடிந்ததும் மூன்று காசுச் சத்தங்கள் ஒன்றாக வெடிக்கும்.

## எந்த வடிவில் வைப்பது

விரித்த பிசிஎம் என்றால் ஒலிக்கும்போது புராசசருக்கு வேலை அநேகமாக இல்லை, கலப்பது மட்டும்தான். ஒரே நேரத்தில் இருபது ஒலித்தாலும் கவலையில்லை. குட்டி ஒலிகளுக்கு வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை என்பது என் தரப்பு.

ஏடிபிசிஎம் இடைப்பட்ட ஆள். 16 பிட் சாம்பிளை 4 பிட்டாகச் சுருக்குவதால் ரேமில் மூன்றரை மடங்குக்கும் மேல் மிச்சம். அவிழ்க்கும் வேலையும் மிகக் குறைவு. குறை, மெல்லிய இரைச்சல் ஒன்று சேரும். காலடி, அடி, வெடிப்பு, கல் உருளுவது போன்ற இயல்பிலேயே கரடுமுரடான ஒலிகளில் அது மறைந்துவிடும். மணி, புல்லாங்குழல், மெல்ல அடங்கும் ஒற்றைச் சுரம் இவற்றில் காதுக்கு எட்டும், குறிப்பாக ஹெட்போனில். கோப்பைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டியல் பார்த்து முடியாது.

சுருக்கிய வோர்பிஸை அப்படியே ரேமில் வைத்தால் சுமார் பத்தில் ஒரு பங்கு இடம் போதும். மேலே சொன்ன 13 எம்பி வசனங்கள் ஒன்றேகால் எம்பிக்கு அருகில் வந்துவிடும். ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் அவிழ்க்க வேண்டும் என்பதால், ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு மட்டுமே ஒலிக்கும் வகைகளுக்கு இது பொருந்தும். வசனம் அப்படித்தான்: இருவர் ஒரே நேரத்தில் பேசினாலே அதிகம். துப்பாக்கிச் சத்தத்துக்கு இதைப் போட்டால், பத்து குண்டுகள் பாயும்போது பத்து டிகோடர்கள் ஓடும்; போன் சூடாகும்.

ஸ்ட்ரீமிங் இசைக்கும் நீண்ட சூழல் ஒலிக்கும். சிறிய பஃபர் (தற்காலிக இடம்) மட்டும் ரேமில் இருக்கும், மீதி கோப்பிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தொடங்க நேரம் பிடிக்கும் என்பதால் தொடுகைக்குப் பதில் சொல்லும் எந்த ஒலிக்கும் இது ஆகாது. குட்டி ஒலிக்கு இதைப் போட்டால் ரேமும் மிச்சமாகாது: யூனிட்டி எஞ்சினில் ஒரு ஸ்ட்ரீமிங் கிளிப்புக்குச் சுமார் 200 கேபி கூடுதல் செலவு உண்டு. அரை நொடி மோனோ ஒலியை விரித்தே வைத்தாலும் 44 கேபிதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு தந்திரமும் இருக்கிறது. ஒலியின் தலைப்பகுதியை மட்டும் ரேமில் வைத்து, அது ஒலிக்கும் நேரத்துக்குள் மீதியைக் கோப்பிலிருந்து இழுப்பது. வைஸ் போன்ற ஆடியோ கருவிகளில் ஸ்ட்ரீமிங் ஒலிக்கு இவ்வளவு மில்லிநொடி முன்பே எடுத்துவை என்று அமைக்கவே வசதி உண்டு. உடனே தொடங்க வேண்டிய நீண்ட வசனங்களுக்கு அருமையான வழி. சொந்தமாக எழுத உட்காருவதற்கு முன் மட்டும் இருமுறை யோசியுங்கள். தலையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு சாம்பிள் பிசகினாலும் "டப்" என்று கேட்கும்.

வடிவத்தை மாற்றாமலே இடம் மிச்சப்படுத்தவும் வழி உண்டு. ஸ்டீரியோ ஒலி விளைவை மோனோவாக்கினால் சரிபாதி போய்விடும்; போன் ஸ்பீக்கரில் பொத்தான் சத்தத்துக்கு இடம் வலம் தேவையில்லை. சாம்பிள் வீதத்தை 22,050க்குக் குறைத்தால் இன்னொரு பாதி. ஆனால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதெல்லாம் வெட்டுப்படும். இடி, குரல், மரத்தில் தட்டும் சத்தம் தாங்கும். காசின் கிணுகிணுப்பு மழுங்கி, தகரம் போல ஆகிவிடும்.

## ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும்

ஆண்ட்ராய்டில் நேரடியாக எழுதுபவர்களுக்குச் சவுண்ட்பூல், மீடியாபிளேயர், ஓபோ என மூன்று வழிகள்.

சவுண்ட்பூல் குட்டி ஒலிகளுக்கென்றே இருப்பது. ஏற்றும்போதே விரித்து வைத்துவிடும். இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஏற்றும் அழைப்பு உடனே ஓர் எண்ணைத் திருப்பித் தரும், ஆனால் ஏற்றம் பின்னணியில்தான் நடக்கிறது. எண் கிடைத்ததும் ஒலிக்கச் சொன்னால் பூஜ்யம் திரும்பும், சத்தம் வராது, பிழைச் செய்தியும் கண்ணில் படாது. "முதல் தடவை மட்டும் சத்தமில்லை" என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான். ஏற்றம் முடிந்ததற்கான லிசனரை (முடிந்ததும் அறிவிக்கும் நிரல்) வைத்து, நிலை பூஜ்யம் என்று வந்த பிறகே அந்த ஒலியைத் தயார் என்று குறிக்க வேண்டும். அடுத்தது, விரித்த ஒலி ஒவ்வொன்றுக்கும் 1 எம்பி எல்லை. 44,100 ஸ்டீரியோவில் அது ஐந்தரை நொடிக்குச் சற்று மேல். அதைத் தாண்டியது வெட்டப்படும். வெற்றி இசை பாதியில் நின்றால் டிகோடரைச் சந்தேகிக்க வேண்டாம், நீளத்தைப் பாருங்கள். மூன்றாவது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் எண்ணிக்கை. எல்லை நிரம்பினால் முன்னுரிமை குறைந்ததும், அதிலும் பழையதும் முதலில் நிறுத்தப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரிமை கொடுத்திருந்தால், காசு மழை பொழியும்போது நாயகனின் மரண ஓலம் அறுபடும்.

மீடியாபிளேயரை இசைக்கு மட்டும் வையுங்கள். அதை இருபது குட்டி ஒலிகளுக்கு இருபது பிரதிகளாக உருவாக்கும் நிரல் இன்னும் அங்கங்கே தென்படுகிறது. டிகோடர்களுக்குச் சாதனத்தில் எல்லை உண்டு என்பதால் சில போன்களில் ஓடும், சிலவற்றில் விழும்.

ஓபோ கூகுளின் சி++ நூலகம். புதிய ஆண்ட்ராய்டில் ஏஆடியோவையும் பழையதில் ஓபன்எஸ்எல்லையும் (இரண்டும் ஆண்ட்ராய்டின் ஒலி வழிகள்) தானே தேர்ந்துகொள்ளும். ஏஆடியோ வந்தது ஆண்ட்ராய்டு 8.0இல். இங்கே ப்ரீலோட் முழுக்க உங்கள் பொறுப்பு: கோப்பை விரித்து, சாதனத்தின் சாம்பிள் வீதத்துக்கு மாற்றி, பஃபரில் வைத்து, கால்பேக்கில் (ஒலி வேண்டும்போதெல்லாம் சிஸ்டம் அழைக்கும் நம் நிரல்) கலந்து கொடுக்க வேண்டும். பல போன்களில் அந்த வீதம் 48,000. ஏற்றும்போதே அந்த வீதத்துக்கு மாற்றிவிட்டால், ஓடும்போது மாற்றும் வேலையும் அதனால் வரும் கூடுதல் தாமதமும் இல்லை. கால்பேக்குக்குள் கோப்பு திறப்பது, நினைவகம் ஒதுக்குவது, பூட்டுக்குக் காத்திருப்பது மூன்றும் விலக்கு; ஒரு முறை தாமதித்தாலே ஒலியில் வெடிப்பு கேட்கும். ஹெட்போனைச் செருகினால் ஸ்ட்ரீம் அறுபடும், மறுபடி திறக்க வேண்டும். ஒலித் தரவை ஸ்ட்ரீமோடு கட்டிவைக்காமல் தனியே வைத்திருந்தால், மறுபடி ஏற்றும் வேலை மிச்சம்.

ஐஓஎஸ்ஸில் ஏவிஆடியோபிளேயர் எளிது. ஒலிக்கத் தயார் செய்யும் அழைப்பை முன்பே கொடுத்தால் பஃபர் நிரம்பி, வன்பொருளும் கைக்கு வரும். நிறுத்து என்று சொன்னால் அந்தத் தயாரிப்பு கலைந்துவிடும் என்பதை மறப்பவர்கள் அதிகம். ஒரு பிரதிக்கு ஒரு குரல்தான்; அடுக்கி ஒலிக்க வேண்டுமானால் பல பிரதிகள் வேண்டும். சிஸ்டம் சவுண்ட் வழி 30 நொடிக்குள், பிசிஎம் அல்லது ஐஎம்ஏ4 வடிவில் மட்டும். ஒலி அளவைக் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே கேமுக்கு அது அநேகமாகப் பயன்படாது.

கேமுக்குப் பொருத்தம் ஏவிஆடியோஎஞ்சின். ஒலியைப் பிசிஎம் பஃபரில் படித்து வைத்து, பிளேயர் கணுக்கள் சிலவற்றை முன்பே இணைத்துவைத்து, சுற்றுமுறையில் பயன்படுத்தலாம். கணக்கில் ஒரு திருத்தம் மட்டும்: கோப்பை இயல்பு அமைப்பில் படித்தால் சாம்பிளுக்கு 32 பிட் மிதவை எண். அதாவது மோனோவே நொடிக்கு 176,400 பைட். தொலைபேசி அழைப்பு வந்து போனபின் எஞ்சின் நின்றிருக்கும், பஃபர்கள் அப்படியே இருக்கும். எஞ்சினை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும். இதைக் கையாளாத கேம், அழைப்பு முடிந்ததும் ஊமையாகிவிடும்.

பிரவுசரில் ஓடும் மொபைல் கேமுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக. வெப் ஆடியோ (பிரவுசரின் ஒலி வசதி) எதை விரித்தாலும் 32 பிட் மிதவையாக, கான்டெக்ஸ்டின் (அதன் ஒலி இயங்கும் சூழலின்) சாம்பிள் வீதத்துக்கு மாற்றியே வைக்கும். 48,000 ஸ்டீரியோவில் ஒரு நிமிட இசை 23 எம்பி. இசையை ஆடியோ டேக் வழியாக ஓட்டுவது அதனால்தான். ஆட்டக்காரர் முதலில் தொடும்வரை கான்டெக்ஸ்ட் உறங்கும் என்பதால், "தொடங்க இங்கே தொடவும்" என்ற திரை வெறும் அலங்காரம் இல்லை.

## எஞ்சின்களில்

யூனிட்டியில் நம் இரண்டு கேள்விகளும் இரண்டு தனி அமைப்புகளாகவே இருக்கின்றன. லோட் டைப் என்பது வடிவம். ப்ரீலோட் ஆடியோ டேட்டா என்ற டிக் பெட்டி நேரம். அந்த டிக் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். காட்சி ஏறும்போது, அதில் சுட்டப்பட்ட கிளிப்புகளும் ஏறும். எல்லா லெவலுக்குமான ஒலி மேலாளர் ஒருவரை முதல் காட்சியில் வைத்து, அவரிடம் எல்லாக் கிளிப்புகளையும் இழுத்துப் போட்டிருந்தால், தெரியாமலே "திறக்கும்போதே எல்லாம்" வழியைத் தேர்ந்துவிட்டீர்கள். டிக்கை எடுத்தால் முதல் முறை ஒலிக்கும்போது ஏறும். லோட் இன் பேக்கிரவுண்டும் இல்லாவிட்டால் திணறல். இருந்தால் ஒலி தள்ளிப்போகும். வசனங்களுக்கு டிக்கை எடுத்துவிட்டு, ஏற்றும் அழைப்பையும் இறக்கும் அழைப்பையும் நீங்களே கொடுப்பதுதான் முறை. அட்ரஸபிள்ஸ் (கோப்புகளைத் தொகுப்புகளாகப் பிரித்து ஏற்றும் வசதி) பயன்படுத்தினால், ஒரே கிளிப் இரண்டு தொகுப்புகளில் நகலாகி இரண்டு முறை ஏறுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கோடோவில் ப்ரீலோட் என்று எழுதியது, ஸ்கிரிப்ட் ஏறும்போதே ஏறிவிடும். அந்த ஸ்கிரிப்ட் ஆட்டோலோடில் (கேம் தொடங்கும்போதே ஏறும் பட்டியல்) இருந்தால் அது மறுபடியும் "திறக்கும்போதே எல்லாம்"தான். பின்னணியில் ஏற்ற ரிசோர்ஸ்லோடரின் திரெடட் அழைப்புகள் இருக்கின்றன. குட்டி ஒலிக்கு வேவ், இசைக்கும் வசனத்துக்கும் ஆக். லிப்ஜிடிஎக்ஸில் சவுண்ட், மியூசிக் என்று இரண்டு வகுப்புகள். ஆண்ட்ராய்டில் சவுண்டுக்கு அடியில் சவுண்ட்பூல் இருப்பதால் மேலே சொன்ன 1 எம்பி எல்லையும் "ஏற்றியதும் ஒலிக்காது" என்ற சிக்கலும் அப்படியே உண்டு.

## ப்ரீலோட் தீர்க்காத தாமதம்

எல்லாம் ரேமில் விரித்தே இருக்கிறது, ஆனாலும் சத்தம் பின்தங்குகிறதா? அப்படியானால் ஏற்றத்தில் மேலும் நேரம் செலவழிப்பது வீண். முதலில் ஒலிக் கோப்பின் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். லேம் என்கோடரில் செய்த எம்பி3இல், டிகோடர் நீக்காவிட்டால், தொடக்கத்தில் 1105 சாம்பிள் வெறுமை இருக்கும். 44,100இல் அது 25 மில்லிநொடி. ஆப்பிளின் ஏஏசியில் 2112 சாம்பிள், சுமார் 48 மில்லிநொடி. தொடுகை ஒலிகளை வேவ் அல்லது ஆக்கில் வைத்து, தலையில் உள்ள அமைதியை வெட்டிவிட்டால் இது போகும். வெட்டிய இடத்தில் 1 மில்லிநொடி ஃபேட் கொடுங்கள், இல்லாவிட்டால் சொடுக்குச் சத்தம் வரும்.

அடுத்தது கலப்பு பஃபர். 48,000இல் 1024 சாம்பிள் பஃபர் என்றால் 21 மில்லிநொடி. 256 என்றால் 5. யூனிட்டியில் டிஎஸ்பி பஃபர் அமைப்பை "பெஸ்ட் லேட்டன்சி"க்கு மாற்றுவது, மொத்த ப்ரீலோட் சீரமைப்பையும்விட அதிகப் பலன் தரலாம். ஆனால் பலவீனமான போனில் ஒலி கரகரக்கும். நடு அமைப்பில் நிற்பதே பெரும்பாலானோருக்கு நல்லது.

சில நொடி அமைதிக்குப் பின் வரும் முதல் ஒலி மட்டும் தாமதித்தால், ஒலி வெளியீடு உறங்கப் போயிருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது மட்டும் ஓர் அமைதியான ஒலியைச் சுழல விட்டால் அது விழித்திருக்கும். இடைநிறுத்தத்தில் அதையும் நிறுத்திவிடுங்கள், பேட்டரி பாவம். புளூடூத் ஹெட்செட்டில் வரும் தாமதத்தை மட்டும் எந்த ப்ரீலோடும் தொட முடியாது.

அளக்க, இன்னொரு போனை ரெக்கார்டிங்கில் வைத்து, திரையை நகத்தால் தட்டுங்கள். அலைவடிவத்தில் நகம் பட்ட முனைக்கும் ஒலி தொடங்கும் முனைக்கும் உள்ள தூரம்தான் உண்மையான தாமதம். பத்து முறை தட்டி, முதல் தட்டலைத் தனியே எழுதுங்கள். முதலாவது மட்டும் தனித்து நீண்டால் ஏற்றமோ உறக்கமோ காரணம். பத்தும் ஒரே அளவில் நீண்டால் பஃபர் அல்லது கோப்பின் தலை.

## எந்தக் கேமுக்கு எது

புதிர், அட்டை, ஓட்டம் போன்ற சிறிய கேம்: 3 நொடிக்குக் குறைந்த எல்லாவற்றையும் மோனோ பிசிஎம் ஆகத் திறக்கும்போதே ஏற்றுங்கள், இசையை ஸ்ட்ரீம் செய்யுங்கள். இதற்கு மேல் எதையும் கட்டுவது நேர விரயம்.

உலகங்கள் பல, வசனம் நிறைய உள்ள கேம்: பொதுவான தொடுகை ஒலிகள் எப்போதும் ரேமில், எதிரி, ஆயுத ஒலிகள் லெவல் பட்டியல் ஒப்பீட்டில், ஏடிபிசிஎம் ஆக, வசனங்கள் சுருக்கிய வடிவில், தேவைக்குச் சற்று முன். நினைவகம் குறைகிறது என்ற எச்சரிக்கை சிஸ்டத்திலிருந்து வந்தால் முதலில் இறக்க வேண்டியது வசனங்களை. தொடுகை ஒலிகளைக் கடைசிவரை தொடாதீர்கள்.

தாளம் சார்ந்த கேமில் ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை. எல்லாத் தட்டல் ஒலிகளும் விரித்து, ஆண்ட்ராய்டில் ஓபோ வழியாக, தாளத்தில் விழ வேண்டியவை ஆடியோ கடிகாரத்தின்படி முன்பே நேரம் குறித்து. இசையைக்கூட இங்கே விரித்து வைப்பதில் நியாயம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பாட்டுத்தான், மூன்று நிமிடத்துக்கு 32 எம்பி.

எதைத் தேர்ந்தாலும், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் 40 நொடி மழை ஒலியைத் தொடுகை ஒலிகளின் கோப்புறையில் போடத்தான் போகிறார். பில்டில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் சேருங்கள்: அந்தக் கோப்புறையில் 3 நொடியைத் தாண்டியதோ ஸ்டீரியோவாக இருப்பதோ கண்ணில் பட்டால், அல்லது மொத்த விரிவு 8 எம்பியைத் தாண்டினால், கோப்பின் பெயரைச் சொல்லி பில்ட் நிற்கட்டும்.